அத்தை விட்டுவைத்த ஓரம்

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் அமெரிக்காவில், அரிசோனா மாகாணத்தில், பீனிக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறாராம். வருகிற குளிர்காலத்தை அங்கே கழிக்கப் போகிறார் அம்மா. சென்ற டிசம்பரில் மகன் அனுப்பிய படத்தில் வீட்டு வாசல் புல்தரை முழுவதும் வைக்கோல் நிறமாகக் கிடந்ததாம். "புல் செத்துவிட்டதா? இந்த வருஷம் அதன்மேல் குளிர்காலப் புல் விதைக்கப் போகிறேன் என்கிறான் மகன். தண்டச் செலவு என்கிறாள் மருமகள். நான் போய் இறங்கியதும் இரண்டு பேரும் என்னிடம்தான் நியாயம் கேட்பார்கள். யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார்.

மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆனால் புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும். இதே வழக்கு, இதே ஊரில், என் அக்கா வீட்டில் நடந்தது. சாட்சிக் கூண்டில் நானும் நின்றேன்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புல் சாகவில்லை, தூங்குகிறது.

அது என்ன புல் தெரியுமா? 2022 அக்டோபரில், தீபாவளியை அக்காவோடு கொண்டாடலாம் என்று மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு நான் பீனிக்ஸுக்குப் போயிருந்தேன். முதல் நாள் காலையில் எழுந்து கொல்லைப்புறம் போனால், அக்காவின் மாமியார் தரையில் குந்தி எதையோ நுனி நுனியாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவது.

"என்ன அத்தை தேடறீங்க?"

"தேடறதாவது! நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளையாருக்கு அறுகு வேண்டாமா?"

"இது பெர்முடா புல்லாச்சே அத்தை" என்றேன், முந்தின இரவு அத்தானிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஞானத்தை வைத்துக்கொண்டு.

"பெர்முடாவாவது, கிர்முடாவாவது! அறுகம்புல்லுக்கு அமெரிக்காவில் பேரை மாற்றி வைத்துவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாதா?"

அத்தை சொன்னது சத்தியம். தாவர சாஸ்திரிகள் இரண்டுக்கும் 'சைனோடான் டாக்டிலான்' என்று ஒரே பெயரைத்தான் எழுதுகிறார்கள். அத்தைக்கு மாயவரம் பக்கத்துக் கிராமம். அவருடைய மாமனார் காலத்தில் வயலுக்குள் அறுகு புகுந்துவிட்டால் வீடே துக்கம் காக்குமாம். வெட்டினால் வெட்டின கணுவிலெல்லாம் முளைக்கும்; ஆள் விட்டுத் தோண்டித் தோண்டிக் கரையில் எறிவார்களாம். "அந்த மனுஷன் இதைப் பார்க்கவேண்டும். பணம் கொடுத்து, தண்ணீர் விட்டு, கிராப்பு வெட்டி வளர்க்கிறார்கள்!" என்று சொல்லிச் சிரிப்பார்.

புதிதாகக் கட்டின வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அறுகின் ஒட்டு ஜாதி. ஜார்ஜியா மாகாணத்தில் டிஃப்டன் என்ற ஊரில் நம் அறுகையும் ஓர் ஆப்பிரிக்கப் புல்லையும் கலந்து உண்டாக்கி, 1960-ல் 'டிஃப்வே' என்று பெயர் வைத்து வெளியிட்ட புல் அதில் பிரசித்தம். பார்க்க மெத்து மெத்தென்று இருக்கும். ஆனால் முளைக்கிற விதை வைக்காது. இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அறுகு வெயில் பிரியை. நூறு டிகிரி வெயிலில் மற்றச் செடிகளெல்லாம் மூர்ச்சை போடுகிறபோது அது குதூகலமாகப் படரும். குளிர் மட்டும் ஆகாது. மண்ணின் சூடு 50 டிகிரிக்கு - நம் புதுக் கணக்கில் 10 டிகிரி செல்ஸியஸுக்கு - இறங்கிவிட்டால் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். ஒரு நாள் உறைபனி விழுந்தால் போதும், இலையெல்லாம் பழுப்பாகிவிடும். ஆனால் தண்டும் வேரும் உயிரோடுதான் இருக்கும். சென்னையில் அவ்வளவு குளிர் இல்லாததால் நம் வீட்டு அறுகு வருஷம் முழுவதும் விழித்திருக்கிறது. நமக்கு இந்தச் சங்கடமே தெரிவதில்லை.

பீனிக்ஸில் தெரிகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரையில் தரை வைக்கோல்தான். அந்த மாதங்களில்தான் பனிக்கட்டி கொட்டுகிற வடக்கு ஊர்களிலிருந்து உல்லாசப் பிரயாணிகள் அங்கே இதமான வெயிலைத் தேடி வருகிறார்கள். வருகிறவர்கள் கண்ணுக்குப் பச்சையாக இருக்கவேண்டாமா? ஹோட்டல்காரர்களும் கால்ஃப் மைதானக்காரர்களும் அறுகின்மேல் 'ரை' என்ற குளிர் நாட்டுப் புல்லைத் தெளித்து வளர்க்கிறார்கள். விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் 2001 முதல் முழுக்க முழுக்க இந்த ரை புல்தான். அவர்களைப் பார்த்து வீட்டுக்காரர்களும் செய்கிறார்கள். அக்டோபர் வந்தால் போதும், அந்த ஊர்க் கடைகளில் வாசலிலேயே விதை மூட்டைகள் அடுக்கியிருக்கும், நம் ஊரில் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் தொங்குகிற மாதிரி.

என் அக்காவுக்கு இதில் ஆசை வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. அவளுடைய பெண்ணுக்கு வரன் நிச்சயமாகியிருந்தது. 2023 தை மாதத்தில் நிச்சயதார்த்தம். பீனிக்ஸில் தை மாதப் பகல் அவ்வளவு சுகமாக இருக்கும். கல்யாண மண்டபம் பிடிக்காமல் வீட்டுக் கொல்லையிலேயே பந்தல் போட்டுவிடலாம் என்று ஏற்பாடு.

"மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வந்து உட்காரும்போது தரை வைக்கோல் போர் மாதிரி இருந்தால் நன்றாகவா இருக்கும்?" என்றாள் அக்கா. நானும் அவள் பக்கம்தான் பேசினேன். பெண் வீட்டாருடைய கவலை பெண் வீட்டாருக்குத்தானே தெரியும்!

அத்தானுக்கு வேறு காரணம். அவர் தொலைக்காட்சியில் கால்ஃப் பார்க்கிறவர். ஜார்ஜியாவில் அகஸ்டா என்று ஒரு கால்ஃப் மைதானம். வருஷா வருஷம் ஏப்ரலில் அங்கே நடக்கிற பெரிய போட்டியில் தரை மரகதக் கம்பளமாக ஜொலிக்கும். அதுவும் அறுகின்மேல் விதைத்த ரை புல்தான். "நம் கொல்லை அகஸ்டா மாதிரி ஆகப் போகிறது, பார்" என்றார்.

கொல்லை சுமார் ஆயிரம் சதுர அடி. பன்னிரண்டு பவுண்டு விதை வாங்கி வந்தார். ஆயிரம் சதுர அடிக்குப் பத்து முதல் பதினைந்து பவுண்டு, அதாவது நாலரையிலிருந்து ஏழு கிலோ வரை வேண்டும். விதைக்கிற காலம் ரொம்ப முக்கியம். இரவுச் சூடு 55 முதல் 60 டிகிரிக்கு - செல்ஸியஸில் 13 முதல் 16-க்கு - இறங்கியிருக்க வேண்டும். அவசரப்பட்டு முந்தி விதைத்தால் அறுகு இன்னும் விழித்துக்கொண்டிருக்கும், புதுப் புல்லை மூச்சுவிட விடாது. பிந்தி விதைத்தால் குளிரில் விதை முளைக்கச் சோம்பும். அந்த ஊருக்கு அக்டோபர் நடுவாந்தரம் சரியான சமயம். இது வரையில் அத்தான் கணக்குத் தப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் மொட்டை.

விதை மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும். அறுகின் மேல் விழுந்து தொங்கினால் முளைக்காது. ஆகையால் விதைப்பதற்கு முன்னால் அறுகை ஒட்ட வெட்டிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே தண்ணீரைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் குறைத்து வெட்டிக்கொண்டு வரவேண்டும். அத்தானுக்கு ஆபீஸ் வேலை. ஓர் ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் ஒரே நாளில், கத்தி பதித்த யந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, நெடுக்கும் குறுக்குமாக ஓட்டித் தரையைக் கீறிக் கட்டாந்தரையாக்கிவிட்டுப் போனான். சாயங்காலம் பார்த்தால் தாம்பு தாம்பாக அறுகந்தண்டு மூட்டை கட்டி வாசலில் கிடக்கிறது!

அத்தை வாசற்படியில் நின்றபடியே பார்த்தார். "திருப்பதியில்கூடத் தோலை விட்டுவைக்கிறார்கள்" என்றார்.

அத்தான் சமாதானம் சொன்னார். "அம்மா, நம் ஊரில் உளுந்து தெளிக்க மாட்டீர்களா? நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டு வருவீர்களே, அதே வித்தைதான் இதுவும்."

காவேரிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெல்லை அறுத்துக்கொண்டு போனதும், அடியில் முளைத்து நிற்கிற உளுந்து மேலே வந்துவிடும். தனியாக உழவு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பனியிலேயே விளைந்துவிடும். அத்தான் பேச்சு எனக்கு வெகு பொருத்தமாகப் பட்டது. அத்தைக்குப் படவில்லை.

"தம்பி, நெல்லு கதிர் முற்றி, ஆயுசு முடிந்து நிற்கிறது. அது போகிற வழியில் உளுந்து வருகிறது. இரண்டுக்கும் சண்டை இல்லை. இங்கே அறுகு எங்கேயும் போகவில்லையே! தூங்கி எழுந்திருக்கும்போது அதன் படுக்கையில் இன்னொருத்தி படுத்திருப்பாளே, அப்போது என்ன செய்வாய்?"

அத்தான் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும்தான் சிரித்தேன். அத்தை மறு பேச்சுப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். சமையலறைக் கதவுக்கு வெளியே, குழாயடியை ஒட்டி, ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தை யந்திரம் வருவதற்கு முன்பே அவர் துளசித் தொட்டிகளை வைத்து மறித்திருந்தார். "அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடு. பிள்ளையாருக்கு இருக்கட்டும்" என்றார். மாமியார் கேட்டு மருமகள் மறுக்க முடியாத விஷயம். விட்டுவிட்டார்கள்.

விதைத்த கதையை நீட்ட வேண்டாம். தள்ளுவண்டியில் விதையைப் போட்டுப் பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் தெளித்தார்கள். மேலே மெல்லிசாக மாட்டெரு தூவினார்கள். அக்டோபர் மாதத்தில் பீனிக்ஸில் தெருத் தெருவாக இந்த மாட்டெரு வாசனைதான். அக்கம் பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை மட்டும், "அம்மாடி, ஊருக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது" என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். விதை தின்ன வந்த புறாக்களை விரட்டும் உத்தியோகமும் அவருக்கே. ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்குச் சில நிமிஷம், தூவு குழாய் தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. ஏழாம் நாள் காலையில் தரையின்மேல் பச்சைப் புகை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் நூல் நூலாக முளை! தீபாவளியன்று அதைப் பார்த்து அக்கா முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, புதுப் புடவைக்குக்கூட வரவில்லை.

நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஜனவரி கடைசியில் நிச்சயதார்த்தத்தை அலைபேசித் திரையில் பார்த்தேன். தரை பசேல் என்று கண்ணைப் பறித்தது. மாப்பிள்ளையின் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் வெறுங்காலோடு நடந்தார்; "சம்பந்தியம்மா, உங்கள் கை ராசியான கை" என்றாராம். அத்தையின் ஓரம் மட்டும் பழுப்பாக, பிடிவாதமாகக் கிடந்தது. அக்கா அதன்மேல் பவானி ஜமக்காளத்தை விரித்துத் தாம்பாளங்களை அடுக்கி மறைத்துவிட்டாள். கெட்டிக்காரி!

இங்கே கதையை நிறுத்தினால் மகன் பக்கம் ஜெயித்துவிடும். ஆனால் தண்ணீர்க் கணக்கு ஒன்று இருக்கிறது.

ஆயிரம் சதுர அடித் தரைக்கு ஓர் அங்குல உயரம் தண்ணீர் பாய்ச்சுவதென்றால் 2,360 லிட்டர் வேண்டும். ஐந்து தடவை அப்படிப் பாய்ச்சினால், நம் தெருவுக்கு வருகிறதே 12,000 லிட்டர் லாரி, அதில் ஒன்று காலி. தூங்குகிற அறுகுக்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் காட்டினால் போதும். ரை புல்லோ அக்டோபரிலிருந்து கோடை வரும் வரையில் குடித்துக்கொண்டே இருக்கும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு நாம் குடத்தோடு வரிசையில் நின்றது யாருக்கு மறக்கும்? அந்தச் சென்னைக்கே வருஷத்தில் சராசரி 55 அங்குல மழை. பீனிக்ஸுக்கு ஏழெட்டு அங்குலம்தான்! அந்த ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற வழிகளில் முக்கியமான ஒன்று கொலராடோ நதி. 336 மைல் நீளமான கால்வாயில், பாலைவனத்தைக் கடந்து வருகிறது. அந்த நதியில் பற்றாக்குறை என்று அமெரிக்க சர்க்கார் சரித்திரத்தில் முதல் தடவையாக அறிவித்தது 2021 ஆகஸ்டில். அதன்படி 2022-ல் அரிசோனாவின் பங்கில் 18 சதவீதம் வெட்டு. அக்கா நிச்சயதார்த்தம் நடத்திய 2023-ல் அது 21 சதவீதமாயிற்று. பக்கத்தில் உள்ள ஸ்காட்ஸ்டேல் நகரசபை, 2023 ஆகஸ்ட் 15 முதல் கட்டுகிற புது வீடுகளின் வாசலில் இயற்கைப் புல்தரையே கூடாது என்று சட்டம் போட்டது.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. "ஒரு வருஷம்தானே, பெண் கல்யாணம்" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. வீட்டில் ஒரு சுபகாரியம் என்றால் நாம் எல்லோருமே சொல்லிக்கொள்கிற வார்த்தைதானே அது?

உண்மையான சங்கடம் வசந்தகாலத்தில் வந்தது. மார்ச் கடைசியில் அறுகு விழிக்க ஆரம்பிக்கும். விழிக்கிற அறுகுக்கு வெளிச்சம் வேண்டும். அந்தச் சமயத்தில் ரை புல் இடுப்பளவு உயரத்தில் - அதாவது அறுகின் இடுப்பளவு - அடர்ந்து நின்றால் அடியில் இருட்டு. ஆகையால் ஏப்ரலிலிருந்து ரை புல்லைக் குட்டையாக, இன்னும் குட்டையாக வெட்டிக்கொண்டே வரவேண்டும். தண்ணீரையும் ஓரளவு குறைக்கவேண்டும். ஆறு மாதம் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்ததை இப்போது விரட்டவேண்டும்! அக்காவுக்கு மனசு வரவில்லை. "இவ்வளவு பச்சையாக இருக்கும்போது எப்படி வெட்டுவது?" என்று போனில் கேட்டாள். அந்த வருஷம் வசந்தம் வேறு குளிர்ச்சியாக இருந்தது. ரை புல்லுக்குக் கொண்டாட்டம். மே மாத நடுவில் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு சென்னைக்குப் புறப்பட்டார்கள். தூவு குழாயை மட்டும் பழைய கணக்கிலேயே தானாக ஓடும்படி விட்டுவிட்டு வந்தார்கள்.

ஜூன் மாதம் கல்யாணம் விமரிசையாக நடந்தது. அத்தை அட்சதை தூவி, ஆல் போல் தழைத்து அறுகு போல் வேரோடி வாழவேண்டும் என்று பேத்தியை ஆசீர்வாதம் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூன் கடைசியில் அவர்கள் திரும்பிப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தால், ரை புல் வெயிலில் ஒரேயடியாகக் கருகிக் கிடக்கிறது. கடையில் அதைப் 'பல்லாண்டு ரை' என்று எழுதி விற்கிறார்கள். பீனிக்ஸ் வெயிலில் அதற்கு ஒரே ஆண்டுதான். அது போனதைப் பற்றிக் கவலையில்லை. அதை விலக்கிப் பார்த்தால், அடியில் பாதித் தரையில் அறுகு இல்லை! இங்கே ஒரு தண்டு, அங்கே ஒரு தண்டு; மற்றபடி மண். அக்டோபரில் கீறி எடுத்தது ஒரு பங்கு, வசந்தத்தில் இருட்டடித்தது ஒரு பங்கு. அந்த வருஷம் ஜூன் கடைசி நாள் தொடங்கி ஜூலை 30 வரையில் பீனிக்ஸில் 31 நாள் ஓயாமல் 110 டிகிரியோ அதற்கு மேலேயோ அடித்தது, பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்த வெயிலில் வெறும் மண்ணோடு ஒரு கொல்லை! ஜன்னலைத் திறந்தால் அனல், காற்றடித்தால் புழுதி.

சமையலறை ஓரத்தில் மட்டும், ஒரு பாய் அகலத்துக்கு, பச்சை. கரை கட்டின மாதிரி நின்றிருந்த அறுகு தொட்டிகளைத் தாண்டி மண்ணுக்குள் விரல் விரலாகக் கொடி ஓட்டிக்கொண்டிருந்ததாம். இதை அத்தை என்னிடம் சொல்லவில்லை, அத்தான்தான் சொன்னார்.

மறு நாளிலிருந்து அத்தை வெயில் ஏறுவதற்கு முன் எழுந்து, அந்த ஓரத்திலிருந்து கணுக்கணுவாகக் கொடியை நறுக்கி, காலியான இடத்திலெல்லாம் சாணளவு இடைவெளி விட்டு நட்டார். மாமனார் தோண்டி எறிந்ததை மருமகள் நட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுகுக்கு வெயில் போதும், வேர் பிடிக்கும் வரை தண்ணீர் போதும். செப்டம்பரில் விநாயக சதுர்த்திக்குள் முக்கால்வாசித் தரை மூடிவிட்டது. அக்கா வீட்டுப் புல் பழைய நாட்டு ஜாதியாக இருந்ததால் வேண்டுமானால் கடையில் விதை வாங்கியும் தெளித்திருக்கலாம். முன்னே சொன்னேனே, 'டிஃப்வே', அதுவாக இருந்தால் விதைக்கும் வழியில்லை. பாளம் பாளமாக விலைக்கு வாங்கிப் பதித்திருக்க வேண்டும்.

அப்படியானால் அகஸ்டாவில் மட்டும் எப்படி வருஷா வருஷம் நடக்கிறது? அத்தான் பிறகுதான் விசாரித்திருக்கிறார். அந்த மைதானத்தை மே மாதத்தில் மூடினால் அக்டோபரில்தான் திறக்கிறார்கள். கோடை முழுவதும் அறுகுக்கே விட்டுவிடுகிறார்கள். விழித்த அறுகு அடுத்த குளிரைத் தாங்க வேண்டுமானால், போட்டியில்லாமல் ஏறக்குறைய நூறு நாளாவது அதற்கு வெயில் கிடைக்கவேண்டும் என்பது புல் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிற கணக்கு. நம் அத்தானுக்கு அகஸ்டாவின் ஏப்ரல் மாதம்தான் தொலைக்காட்சியில் தெரிந்தது.

மாம்பலத்து வாசகிக்கு இப்போது என்னால் இவ்வளவு சொல்ல முடியும். மகன் விதைத்தே தீருவேன் என்றால் முழுத் தரைக்கும் வேண்டாம், வாசலில் கண்ணில் படுகிற ஒரு துண்டுக்கு மட்டும் போதும் என்று சொல்லிப் பாருங்கள். 'பல்லாண்டு ரை'யைவிட ஓராண்டு ரை பச்சையில் கொஞ்சம் மட்டு. வளர்ச்சி வேகம் என்பதால் அடிக்கடி வெட்டவேண்டும். ஆனால் வெயில் வந்ததும் சண்டையில்லாமல் சீக்கிரம் விடைபெற்றுக்கொள்ளும். கத்தி யந்திரத்தை மட்டும் படி ஏற விடாதீர்கள். படிப்படியாக ஒட்ட வெட்டினால் போதும். முளை இரண்டு அங்குலம் வந்த பிறகு முதல் வெட்டு. ஏப்ரல் பிறந்ததும் குட்டையாக வெட்ட ஆரம்பித்துவிட வேண்டும். நீங்கள் அதற்குள் சென்னை திரும்பிவிடுவீர்களென்றால் நாள்காட்டியில் குறித்து வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தி ரை புல்லைக் கொன்றுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம், அடியில் இருக்கிறவளுக்கும் அதே தண்ணீர்தான். பச்சை நிறம் மட்டும்தான் வேண்டும் என்றால் தூங்குகிற புல்லுக்கு அடிப்பதற்கென்றே பச்சைச் சாயம் விற்கிறார்கள். சிரிக்காதீர்கள், பெரிய பெரிய மைதானங்களில் அடிக்கிறார்கள். என் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "தலைக்கு அடிக்கிறது போதாதா?" என்றாள்.

மருமகள் பக்கம்தான் நிற்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் ஒரு சாட்சி தயார் செய்துகொள்ளலாம். போனதும், பழுப்பாகக் கிடக்கிற தரையிலிருந்து மண்ணோடு ஒரு பிடி பெயர்த்து எடுத்து, ஒரு சிறு தொட்டியில் வைத்து, வெயில் படுகிற சமையலறை ஜன்னலில் வையுங்கள். வீட்டுக்குள் கதகதப்பு இருக்கும். தினம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். புல் உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் கணுவில் பச்சை எட்டிப் பார்க்கும். மகனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அக்கா வீட்டில் 2023-க்குப் பிறகு யாரும் மேல் விதைக்கவில்லை. மார்கழியில் கொல்லை வைக்கோலாகத்தான் கிடக்கிறது. ஜன்னலில் காப்பிப்பொடி டின் ஒன்றில் அத்தையின் அறுகு இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணி இருபத்தொன்று கிள்ளுகிறார். சில வாரம் பதினெட்டுத்தான் தேறுகிறதாம். "பாக்கி மூன்றை அடுத்த வாரம் தருகிறேன் என்று பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன்" என்றார் போனில்.